மூச்சுவிட வேண்டிய குப்பிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

"சரோக்கா, புதுப் பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று ஆலையிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன நாளிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் என்ன செய்வது, சிரிக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் கவலைப்பட்டு, சில தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இயந்திரத்தை இயக்க உங்களுக்குப் பயிற்சி தருவார்கள். அதற்குத் தேர்வும் வைப்பார்கள். என்னிடம் இருப்பது பயம் ஒன்றுதான். பயந்த சுபாவத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையில் எப்படிக் காலம் தள்ளுவது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்? நான் இப்படிச் சொல்வேன்: மருத்துவமனைக்குப் போகும் கையுறை, ஊசிக்குழல் எல்லாம் பெட்டியில் மூடி ஒட்டப்பட்டு வரும். தடித்த சுவர் கட்டிய கதிரறைக்குள் கோபால்ட் கம்பிகளைச் சுற்றி அந்தப் பெட்டிகள் ஊர்ந்து போகும். கிருமி சாகும். பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். சரக்கில் கதிர் தங்காது. கம்பிகளை நாம் சோர்ஸ் என்போம். வேலை நடக்கும்போது சோர்ஸ் மேலே இருக்கும். ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் அதை இறக்கிவிட வேண்டும். மற்ற விவரமெல்லாம் உங்கள் பயிற்சியில் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, நம் தொழிலே மூடியதை மூடியபடி வைத்திருப்பதுதான். ஒரு பெட்டியின் ஓரத்தில் டேப் நிமிர்ந்திருந்தால்கூட அதைத் தனியாக ஒதுக்கி வைப்போம். தளர்ந்த மூடியைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பயத்துக்கு ஆலையில் ஒரு பெயர் உண்டு. நான் சேர்ந்த புதிதில் கட்டுப்பாட்டு அறைப் பக்கம் ஏதோ கருகும் வாடை வந்தது. வயர் எரிகிறது என்று நான் போட்ட சத்தத்தில் சோர்ஸை இறக்கி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதுகாவலர் தன் அறையில் மத்தியான சாப்பாட்டுக்குப் பெலாச்சான் சுட்டுக்கொண்டிருந்தார். இறால் பிசைந்து செய்த அந்தக் கட்டியைச் சுட்டால் என்ன வாடை வரும் என்று ஜொகூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியாமல் போய்விட்டது. அதிலிருந்து நான் எதற்கு வாயைத் திறந்தாலும், "என்னக்கா, பெலாச்சான் கேஸா?" என்பார்கள்.

அப்போது இருந்த பாதுகாப்பு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பெயர் வேண்டாம், அவருக்குத் தன் பெயரை எங்கும் போட்டால் பிடிக்காது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயந்தது தப்பில்லம்மா. ஆனா பயம் வந்தா, எதைப் பார்த்து வந்துச்சுன்னு கொஞ்சம் தேடு. கண்ணால பார்த்தது, ஒருத்தர் சொன்னது, முன்ன நடந்தது, ஏதாச்சும் ஒன்னு இருக்கணும். இருந்தா வாயைத் திற. இல்லாட்டிப் போயி டீ குடி."

அதற்குப் பிறகு நான் நிறைய டீ குடித்திருக்கிறேன்.

தர்ஷினி வந்தது வெகுகாலத்துக்குப் பின்பு, நான் மாதிரிப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறிய பிறகு. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பழைய காரில், பின் இருக்கையில் கண்ணாடிக் குப்பிகளுக்கு சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. நம்ம ஜாதிதான், கவலைப்படுகிற ஜாதி.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றேன்.

"கரைப்பான்க்கா. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயில இன்னொரு ரசாயனம் கலந்தது. அணு உலையில எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள்ல உபயோகமானது இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அதைத் தனியா இழுத்து எடுக்கறதுக்கு இதுதான் வேணும்."

"இழுத்துட்டுப் போகட்டும். இங்க ஏன் கொண்டாந்தே?"

"இழுக்கும்போது இதுக்கும் கதிரடி விழுதுல்ல? அடிபட்டு அடிபட்டு உடையும். உடைஞ்ச துண்டுங்க வேண்டாததையும் பிடிச்சு வச்சுக்கிட்டு விடாது. எவ்வளவு அடிக்கு எவ்வளவு கெடுது, கழுவினா எவ்வளவு தேறும், அதான் என் ஆய்வு."

"நம்ம மலேசியாவுல மின்சாரம் எடுக்கற அணு உலையே இல்லையே லா?"

"இல்லதான். வெளிநாட்டு ஆய்வகத்தோட சேர்ந்து செய்றோம். அங்க நிஜ எரிபொருள் இருக்கு, எனக்கு உங்க கோபால்ட் இருக்கு."

அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கியிருந்தாள். பெட்டிகள் போகும் பாதையிலிருந்து விலகி, கதிரறையின் மூலையில் ஓர் இரும்புத் தட்டில் குப்பிகளை வைத்தோம். ஒவ்வொரு மூடியிலும் மெல்லிய குழாய் செருகியிருந்தது. மூடியும் அரைத் திருகு தளர்வாக இருந்தது.

"இறுக்கிடாதீங்கக்கா. கதிர் பட்டா உள்ள வாயு வரும். இது மூச்சு விடணும்" என்றாள். போகிறபோது, "இதான் கடைசி மாதிரிங்க. உதவித்தொகை இந்த வருஷத்தோட முடியுது. இது கெட்டா எனக்கு மறுபடி ஆரம்பிக்க நேரமில்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சிரிப்பேன்.

அவள் வாயால் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டோம். தட்டில் ஒரு வரி எழுதி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அது வெள்ளிக்கிழமை காலை. மத்தியானம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டேன். அதன்பின் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தவன் சேகர். கெட்டிக்காரன், கை சுத்தமான வேலைக்காரன். அவன் கட்டிய பெட்டியைப் பிரிக்க ஆள் வேண்டும்.

சனிக்கிழமை காலை கேன்டீனில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சேகர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சரோக்கா, உங்க தர்ஷினி அவ்வளவு படிச்சிருக்கு, ஒரு மூடி ஒழுங்கா மூடத் தெரியல. நேத்து பெட்டி மாத்த உள்ள போனப்ப பாத்தேன். எல்லாம் தொளதொளன்னு இருக்கு. நான்தான் நல்லா இறுக்கி, டேப் சுத்தி வச்சேன்."

"குழாய் இருந்துச்சே?"

"அது வேற ஆடிக்கிட்டு இருந்துச்சு. உருவிட்டு ஓட்டையை அடைச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டு வெளிய வராது, கையுறைப் பெட்டி மேல சிந்தாது."

நன்றி சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தான். நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டேன்.

"சோர்ஸ் மேலயா கீழயா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து மேலதான். ஏன்?"

பயம் வந்துவிட்டது. அதிகாரி சொன்னபடி தேடினேன். தர்ஷினி சொன்னது ஒன்று: உள்ளே வாயு வரும். நானே கண்ணால் பார்த்தது ஒன்று: ஒரு நிறுவனம் காயத்துக்குத் தடவும் களிம்பைச் சின்னச் சின்ன உறைகளில் அடைத்து அனுப்பியிருந்தது. தட்டையாக உள்ளே போன உறைகள் வெளியே வரும்போது பூரி மாதிரி உப்பியிருந்தன. அது கையளவு களிம்பு, நீண்டு கொடுக்கும் உறை. இது கண்ணாடி. நீண்டு கொடுக்காது. உள்ளே இருப்பதோ தீப்பிடிக்கிற எண்ணெய்.

டீ குடித்துத் தீர்க்கிற பயம் இல்லை இது.

"சேகரு, சோர்ஸை இறக்கணும்."

"அலமாக்! இன்னிக்கு யாரு பெலாச்சான் சுட்டா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "அந்தக் களிம்பு உறை ஞாபகம் இருக்கா? பூரி மாதிரி வந்துச்சே?" என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே வடிந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

ஆனால் நடுவில் நிறுத்த ஷிப்ட் மேற்பார்வையாளர் என்சிக் ரஹ்மான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஏற்றும் தளத்தில், பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பெட்டிகள் இன்னும் கதிரறைக்குள் இருந்தன. எங்கள் பேச்சு மலாயில் நடந்தது; ஐயாவுக்கு என்சிக், அக்காவுக்கு கக் என்பதை மட்டும் அப்படியே விட்டு, மற்றதைத் தமிழில் சொல்கிறேன்.

"கக் சரோ, கப்பல் நமக்காக நிற்காது. பெட்டிகள் வெளியே வந்ததும் பார்த்துக்கொள்ளலாமே?"

"அதுவரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது என்சிக். மூடினால் வாயு சேரும் என்று அந்தப் பெண் சொன்னாள். களிம்பு உறை உப்பியதை நான் பார்த்தேன். குப்பிகளை மூடி ஒரு ராத்திரி ஆகிவிட்டது. இந்த மூன்றும்தான் எனக்குத் தெரியும்."

"நீங்கள் நினைப்பது தவறாக இருந்தால்?"

"சாகும்வரை என்னைப் பெலாச்சான் என்று கூப்பிடுங்கள். சரியாக இருந்தால், கண்ணாடி உடைந்து, எரியும் எண்ணெய் கதிரறைக்குள் கொட்டிக் கிடக்கும். அப்புறம் ஒரு பெட்டியும் எந்தக் கப்பலுக்கும் போகாது."

அவர் லோரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார். சேகர், "மூடினது நான்தான் என்சிக்" என்றான். அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னதால்தான் நம்பினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இறக்கு" என்றார்.

சோர்ஸ் தண்ணீருக்குள் போய், காற்றாடி உள்ளேயிருந்த காற்றை இழுத்து வெளியேற்றி, கதவுக்குப் பச்சை விளக்கு வரும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் எனக்கு ஒரே கவலை, குப்பிகள் நன்றாக இருந்து நான் அவமானப்படப் போகிறேனோ என்பதுதான். மனசு அப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்வது?

கதிர் அளக்கும் கருவியை முன்னால் நீட்டிக்கொண்டு நானும் சேகரும் உள்ளே போனோம். கதிர் பட்டுக் குப்பிகள் எல்லாம் தேயிலைச் சாயம்போல் பழுப்பேறியிருந்தன. கண்ணாடிக்கு அது வழக்கம். ஆனால் மூடிகள் தட்டையாக இல்லை. கொழுக்கட்டை மாதிரி எழும்பி நின்றன. டேப் இழுபட்டு வெளுத்திருந்தது. ஒரு குப்பியின் தோளில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"நான் கட்டினது, நானே அவுத்துடறேன்" என்று சேகர் கையை நீட்டினான்.

சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "தொடாதே!"

"இறுக்கினதாலதானே வந்துச்சு? தளர்த்திட்டா முடிஞ்சிருமே லா!"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். செய்த தவறை உடனே கையாலேயே திருத்திவிட வேண்டும் என்கிற அவசரம் இருக்கிறதே, அது தவறைவிடப் பெரிய ஆபத்து. சேகர் நல்லவன். நல்லவனுக்குத்தான் அந்த அவசரம் அதிகம். அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து தர்ஷினிக்குப் போன் செய்தேன்.

போனில் மேளச்சத்தம் காதைப் பிளந்தது. அவள் யோங் பெங் ஊரில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் இருந்தாள். "சரோக்கா, தாலி கட்டப் போறாங்க, அப்புறம் பேசட்டா?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மேளச்சத்தம் தூரமாகப் போனது, மண்டபத்தைவிட்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு அவள் குரல் மாறி வந்தது.

"யாரும் தொடாதீங்க. தூக்கவும் வேணாம். உள்ள இருக்கறது ஹைட்ரஜன். காத்தாடி ஓடட்டும். போன், டார்ச் எதையும் உள்ள கொண்டு போகாதீங்க. நான் வர்றேன்."

"தாலி?"

"அது நான் இல்லாமலே கட்டுவாங்கக்கா."

அவள் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது லோரி ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்கினார். என்சிக் ரஹ்மான் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். நீண்ட இடுக்கியால் தட்டை இழுத்து வெளியே திறந்த வெளியில் வைத்துவிட்டால் வேலையைத் தொடரலாமே என்றார். நியாயமான யோசனைதான். எனக்கும் ஆசையாக இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்சிக், எனக்குத் தெரியாத சாமான் அது. தெரிந்தவள் வந்துகொண்டிருக்கிறாள். அதுவரை காத்திருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து செய்யக்கூடியது."

அவர் நேரே கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போய்ச் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சாவி இல்லாமல் சோர்ஸ் மேலே வராது. பிறகு லோரி ஓட்டுநரிடம் போய், "பசியாறிவிட்டு வாருங்கள், என் கணக்கு" என்றார்.

தர்ஷினி பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக வந்து இறங்கினாள். உள்ளே விடச் சொல்லி அவசரப்படுவாள் என்று பார்த்தால், முதலில், "உடுத்த பருத்தித் துணி குடுங்கக்கா. பட்டு உரசினா பொறி வரும்" என்றாள். என் வேலை உடுப்பைக் கொடுத்தேன். முகக்கவசத்துக்குப் பின்னால் மல்லிகை நசுங்கித் தெரிந்தது. தடித்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை மறைப்பாகப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். சேகர் யாரையும் கேட்கவில்லை, தகட்டை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தான்.

நான் கதிரறைக்குப் போகும் வளைந்த வழியில் நின்றேன். அங்கிருந்து எனக்குச் சத்தம்தான் கேட்டது. தகட்டின் இரு பக்கமும் கைகளை நீட்டி, ஈரத்துணியால் மூடியைச் சுற்றி, டேப்பை அறுத்து, மெதுவாக, மிக மெதுவாகத் திருகினாள் என்று சேகர் பிறகு சொன்னான். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு பெருமூச்சு. பிறகு அடுத்தது. ஒவ்வொரு மூச்சும் முடிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

விரிசல் விட்ட குப்பியை அவள் தொடவில்லை. சுற்றிலும் மணல் பைகளை அடுக்கி, ஈரத்துணியைப் போர்த்திவிட்டாள். அது தானாகவே கசிந்து அடங்கியது. அதிலிருந்த கரைப்பான் தட்டோடு போயிற்று.

வெளியே வந்ததும் சேகர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "உன் படிப்பையே நான்..." என்று தொடங்கினான்.

"அண்ணே, 'இறுக்காதே'ன்னு ஒரு வரி நான் எழுதி ஒட்டியிருக்கணும்" என்றாள் தர்ஷினி. கவசத்தைக் கழற்றினாள். நசுங்கிய பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். "ஒன்னு போச்சு. மத்தது மூடியே இருந்துச்சுன்னு சேர்த்து எழுதணும். அது ஆய்வுக்கு ஆகுமா ஆகாதான்னு கழுவிப் பார்த்தாத்தான் தெரியும்."

அவள் போனபின் சோர்ஸ் மேலே வந்தது, பெட்டிகள் வந்தன, லோரி போனது. கப்பலைப் பிடித்ததா என்று கேட்க எனக்குப் பயம். என்சிக் ரஹ்மான் தாமாகவே வந்து, பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் தர்ஷினியிடமிருந்து பேச்சே இல்லை. நான் என்னென்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மாதிரிகள் கெட்டுவிட்டன, படிப்பு நின்றுவிட்டது, அந்தப் பெண் எங்கள் முகத்தில் விழிக்க மாட்டாள். ஒருநாள் அவளே கூப்பிட்டு, என்னையும் சேகரையும் அவளுடைய ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள். 

மேசையில் இரண்டு சின்னக் குப்பிகளை வைத்திருந்தாள். இரண்டிலும் எங்கள் ஆலையில் அடிபட்ட கரைப்பான், மஞ்சளாக. அடியில் அமிலத் தண்ணீர். ஒன்றைக் குலுக்கி வைத்தாள். பால் மாதிரி கலங்கி நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். எண்ணெயும் தண்ணீரும் பிரிகிற வழியைக் காணோம்.

"இது அடிபட்டது அப்படியே. உடைஞ்ச துண்டுங்க ரெண்டையும் பிரிய விடல. நிஜ ஆலையில இப்படி நின்னா வேலையே நின்னுடும்."

மற்றதைக் குலுக்கினாள். கலங்கியது. பிறகு நடுவில் ஒரு கோடு தோன்றியது. கோடு தெளிந்தது. எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே.

"இதுவும் அதே மூடி வச்ச குப்பியிலேருந்துதான். சலவைச் சோடா மாதிரி ஒரு உப்புத் தண்ணியில கழுவினேன், அவ்வளவுதான். புதுசு மாதிரி ஆகாது. ஆனா வேலைக்குத் திரும்பிடும்."

"அப்ப உன் ஆய்வுக்கு ஆகுமா?" சேகர் குப்பியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஆகும்ண்ணே. மூடி வச்சா என்ன ஆகும்னு தனியா ஒரு பகுதியே எழுதச் சொல்லிட்டாரு என் பேராசிரியர். திறந்து வச்ச மாதிரியோட ஒப்பிடறதுக்கு இன்னொரு தடவை உங்க மூலை வேணும், அதுக்காக உதவித்தொகையைக் கொஞ்சம் நீட்டியிருக்காங்க. தருவீங்களா?"

சேகர் அந்தக் குப்பியை வாங்கித் தானே குலுக்கினான். கோடு விழுகிறவரை பார்த்தான். மறுபடி குலுக்கினான். "போதும்ண்ணே, அதுக்குத் தலை சுத்தும்" என்று அவள் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

தர்ஷினி பட்டம் வாங்கிவிட்டாள். கதிரறை மூலையில் மாதிரிகள் வைக்கும் தட்டுக்கு மேலே நீங்கள் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள்: 'மூச்சுவிட வேண்டியது, இறுக்காதே' என்று மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். தமிழ் எழுத்து சேகருடையது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மாற்றிவிடாதீர்கள்.

உங்களில் சிலர் என்னைப் போலக் கவலைப்படுகிறவர்களாக இருப்பீர்கள். அதை மறைத்து, இறுக்கி மூடி வைக்காதீர்கள். எதனால் வந்தது என்று தேடுங்கள். காரணம் கிடைத்தால், சிறிதாக இருக்கும்போதே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீங்கள் கவலையே படாத ரகமென்றால், உங்கள் பக்கத்தில் ஒரு பெலாச்சான் கேஸ் இருக்கும். அந்த ஆளைப் பேச விடுங்கள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் பிரிவு விருந்து வைத்தார்கள். சேகர் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பாவில் சூடான பணியாரம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். மூடி ஒரு பக்கம் நிமிர்ந்து, ஆவி வந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் என் கட்டை விரல் அதை அழுத்தப் போனது.

"விடுங்கக்கா" என்றான். "மூச்சு விடட்டும்."